குயிலின் மேல் ஒரு புகார்

1

சிங்கப்பூரின் பூன் லேயில் எங்கள் வீட்டுக்குத் தமிழ் படிக்க வரும் பிள்ளைகள் முதலில் பழகிக்கொள்வது எழுத்தை அல்ல, பூட்டை. அவர்கள் மணி அடித்ததும் நான் கழுத்துக்குள் கையை விட்டுத் தாலிக் கொடியை வெளியே இழுப்பேன். நம் ஊர்ப் பெண்கள் ஊக்கு மாட்டி வைத்திருப்பார்களே, அந்த இடத்தில் என்னிடம் ஒரு சாவி இருக்கிறது. கொடியைக் கழற்றாமல் குனிந்து கிரில் கேட்டைத் திறப்பேன். பிள்ளைகளை உள்ளே விட்டு மறுபடி குனிந்து பூட்டுவேன். நான் தினமும் கேட்டைக் கும்பிடுகிறேன் என்று எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாள் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாளாம். அவளே ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அன்றைக்குப் பாடம் ஒலி மரபு. தேர்வுக்கு வரும் என்பதால் வருடா வருடம் நடத்துவது. மயில் அகவும், காகம் கரையும், ஆந்தை அலறும், புறா குனுகும், சேவல் கூவும், குயில் கூவும். பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரித்திகா மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொடக்கநிலை ஆறு. எதையும் சும்மா விழுங்குகிற பெண் இல்லை.

“டீச்சர், சேவலும் கூவும், குயிலும் கூவும்னு போட்டிருக்கு. ரெண்டும் சேம் சவுண்டே இல்ல டீச்சர். எங்க புளோக் கீழ ரெண்டுமே இருக்கு.”

“மரபுன்னா அப்படித்தான். மனப்பாடம் பண்ணு.”

“காக்காவுக்குத் தனி வேர்ட், மயிலுக்குத் தனி வேர்ட். இதுங்களுக்கு மட்டும் ஏன் ஷேரிங்?”

நான் பதிலைத் தேடிக்கொண்டிருந்தபோது கீழே மரத்திலிருந்து அந்தக் குயில் தொடங்கியது. முதலில் மெதுவாக ஒன்று. அப்புறம் கொஞ்சம் உயர்த்தி ஒன்று. அப்புறம் இன்னும் உயர்த்தி. உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

“தோ வரேன்.”

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “அங்கிள் யாருக்கு ஆன்சர் பண்றாரு, டீச்சர்?” என்று கேட்டாள் ரித்திகா. அதற்குள் அவர் தோளில் துண்டோடு கூடத்துக்கு வந்து, கேட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன்.

2

ஊரில் இருக்கும் உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். குயில் என்றால் உங்களுக்கு மாந்தோப்பும் சித்திரை மாதமும் நினைவுக்கு வரும். சிங்கப்பூரில் அது ஒரு தொல்லை. பள்ளிப் பிள்ளைகள் அதை ‘ஊ-வூ பேர்ட்’ என்று கூப்பிடுகிறார்கள். விடியுமுன்னே தொடங்கி, இடையில் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, பொழுது சாய்கிற வரை ஓயாது. வேலை முடிந்து களைத்துத் தூங்குகிறவர்கள் நகரமன்றத்துக்குப் புகார் எழுதுவார்கள். நம் ஊர்க் கவிஞர்கள் எல்லாம் பத்தாவது மாடியில், குயிலுக்கு நேர் எதிரே ஜன்னலை வைத்துக்கொண்டு குடியிருந்ததில்லை என்பது என் எண்ணம்.

எனக்கு இந்தத் தொல்லை தூக்கம் சம்பந்தப்பட்டதல்ல. என் வீட்டுக்காரர் அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்து கிளம்பிவிடுகிறார். அதுதான் தொல்லை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வாயால் சொல்லியும் பழக்கமில்லை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர். இருபத்தைந்து வயது வரை கடலுக்குப் போனவர். பிறகு ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறைக்கு வெல்டராக வந்து, படிப்படியாகப் போர்மேன் ஆகி, நிரந்தரவாசம் கிடைத்து, குடியுரிமையும் கிடைத்து, என்னை அழைத்துக்கொண்டார். நான் கரையூர்க்காரி இல்லை. திருவாரூரில் பி.ஏ. தமிழ் படித்த, மீன் முள்ளுக்குப் பயப்படுகிற பெண். கல்யாணமான புதிதில் அவர் இங்கே இருக்க, நான் அவர் வீட்டில் இரண்டு வருடம் இருந்தேன். மாமியாருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அந்த இரண்டு வருடத்தில் எனக்குப் பிடித்தது என்று ஒன்றையும் சொல்ல முடியாது. ஆனால் விடியற்காலையில் நடக்கும் ஒரு வழக்கம் மட்டும் மனதில் நின்றுவிட்டது.

கடலுக்குப் போகிற நேரம் வந்ததும், முதலில் விழித்தவர் தெருமுனையில் நின்று ‘கூ’ என்பார். அவ்வளவுதான். பெயர் சொல்ல மாட்டார். கடலுக்குப் போகிற ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. வீட்டுக்குள்ளிருந்து ‘தோ வரேன்’ என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் மறுபடி ‘கூ’, முன்னைவிடச் சத்தமாக. அப்புறமும் வராவிட்டால் இன்னும் சத்தமாக. பதில் வரும்வரை கூவுகிற ஆள் அந்த இடத்தைவிட்டு நகரவே கூடாது. தூங்கிப்போனவனை விட்டுவிட்டுப் போட்டைத் தள்ளினார்கள் என்ற பேச்சு வந்துவிட்டால், கூவினவருக்கு அது பெரிய அவமானம்.

இப்போது அந்தக் குயிலை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முதலில் மெதுவாக, அப்புறம் சத்தமாக, அப்புறம் பதறிக்கொண்டு, சட்டென்று நின்றுவிடும். மூளையில் புதிதாக எதுவும் தங்காமல், பழையது மட்டும் மேலே மிதந்து வந்துகொண்டிருக்கிற ஒரு மனிதருக்கு அது எப்படிக் கேட்கும்? முதுமை மறதி நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பட்டறையில் வேலை பார்த்த வருடங்கள் அவரிடமிருந்து கழன்று போய்விட்டன. பட்டறைப் பெயரைச் சொன்னால் யோசிக்கிறார். ‘கூ’ என்றால் யோசிப்பதே இல்லை.

3

ஒருநாள் காலை நான் எழுந்தபோது கேட் திறந்து கிடந்தது. படுக்கையில் ஆள் இல்லை. செருப்பு இருந்தது. கடலுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போக மாட்டார்களே.

கீழ்த்தளம், காப்பிக்கடை, பேருந்து நிறுத்தம் எல்லா இடத்திலும் தேடினேன். மகளுக்குப் போன் செய்தேன். அவள் பெயர் இலக்கியா. கல்யாணமாகிப் புங்கோலில் இருக்கிறாள், தீவின் இன்னொரு மூலையில். டாக்ஸி பிடித்து அவள் வந்து சேர்வதற்குள் அக்கம்பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். எதிரே ஒரு தமிழ்ப் பையன், சீருடையில். தமிழ் பேசுகிறான் என்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஆன்ட்டி, பதட்டப்படாதீங்க. அங்கிள் பேரு என்ன?”

வாயைத் திறந்தேன். வரவில்லை. நாற்பது வருடமாக ‘இந்தாங்க’, ‘ஏங்க’, ‘இலக்கியா அப்பா’ என்றே ஓட்டிவிட்டேன். பிள்ளைகளுக்கு மேடைப்பேச்சு சொல்லிக்கொடுக்கிற வாய் இது. அவனுக்கோ நான் பயத்தில் பேச்சிழந்துவிட்டதாகத் தோன்றியிருக்கிறது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நான் பைக்குள் துழாவி அவருடைய அடையாள அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“படிச்சுக்குங்க தம்பி.”

அவன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்குப் புரிந்தது. “எங்க பாட்டியும் அப்படித்தான் ஆன்ட்டி,” என்று சிரித்தான். அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது. பாட்டி கணக்கில் சேர்ந்துவிட்டோமே என்று.

அவரைக் கண்டுபிடித்தது போலீஸ் அல்ல. விடிகாலையில் நம் ஊர்ப் பிள்ளைகள் வேலைக்குப் போக லாரிக்காகச் சாலையோரம் கும்பலாக நிற்பார்களே, அவர்களோடு போய் நின்றிருக்கிறார். லாரி வந்ததும் அவர்களோடு ஏறி, பின்பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பாதி வழியில்தான் புதுக்கோட்டைப் பையன் ஒருவன் கவனித்துப் போலீசுக்குப் போன் செய்திருக்கிறான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் வேலையிடத்து வாசலில், பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்த தேநீரை உறிஞ்சிக்கொண்டு, சுற்றி நின்ற பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்து வருடங்களாகியிருந்தன.

“காத்து மாறிடுச்சு. இன்னிக்கு மீன்பாடு இருக்காது,” என்றார் என்னிடம்.

“அப்பா எதுக்கு லாரியில ஏறுனீங்க?” என்று இலக்கியா கேட்டாள்.

“கூப்பிட்டாங்க, வந்தேன்.”

அந்தப் புதுக்கோட்டைப் பையன் எங்களைத் தனியாக அழைத்து, “நாங்க யாரும் கூப்பிடல அக்கா, சத்தியமா,” என்றான். அவனுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

4

அன்று மாலையே பூட்டு வந்தது. கூடத்தில் ஒரு கேமராவும் வந்தது. இலக்கியா அலுவலகத்திலிருந்தே எங்களைப் பார்த்துக்கொள்வாள். “அம்மா, அப்பா சட்டை பட்டன் போடல,” என்று போனில் சொல்வாள். பார்த்துக்கொள்கிறாள், இல்லையென்று சொல்ல முடியாது. கூப்பிடுதூரம் என்று நம் ஆட்கள் ஓர் அளவு வைத்திருந்தார்களே, குரல் கொடுத்தால் கேட்கிற தூரம், அந்தத் தூரத்தில்தான் அவள் இல்லை.

சாவியை எங்கே வைத்தாலும் அவர் கண்டுபிடித்தார். அரிசி டின், பூஜைத் தட்டு, தலையணை உறை எதுவும் சரிப்படவில்லை. ஆளுக்கு ஞாபகம்தான் போயிற்று, கைச் சாமர்த்தியம் போகவில்லை. கடைசியில் தாலிக் கொடிக்கு வந்தது. அங்கே மட்டும் அவர் கை வைப்பதில்லை.

பூட்டு அவருக்குத்தான் என்று தொடக்கத்தில் நினைத்திருந்தேன். அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நான் வெளியே போக முடியாது என்பது இரண்டாம் நாள்தான் உறைத்தது. தேக்கா சந்தைக்குப் போய் எத்தனை மாதமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பேரும் ரயில் ஏறிப் போவோம். அவர் மீன்காரரிடம் செவுளைத் தூக்கிப் பார்த்துச் சண்டை பிடிப்பார். நான் கருவேப்பிலை வாங்கிவிட்டு, பூக்கடை வாசலில் நின்று பஃபலோ ரோட்டை வேடிக்கை பார்ப்பேன். இப்போது மீன் பனிக்கட்டியாகி வாசலுக்கு வருகிறது. பூ வருவதில்லை. பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் இடத்துக்குப் பதிந்திருக்கிறோம். வரிசை நகரும்போது சொல்கிறோம் என்றார்கள். வீடு தீப்பற்றினால் என்ன செய்வது என்று அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் தோன்றுகிறது. வாய்விட்டுச் சொல்கிறேன், சில நாள் அவர் தூங்கும்போது கேட்டைத் திறந்துவைத்துவிட்டு நான் எங்கேயாவது போய்விடலாமா என்றும் தோன்றுகிறது. லிப்ட் வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறேன்.

ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன என்று கொழுந்தனாரிடம் போனில் கேட்டேன். குடியுரிமை மாறிய ஆளுக்கு விசா, மருந்து, டாக்டர் என்று ஆயிரம் இடைஞ்சல் உண்டு. அது கிடக்கட்டும். அங்கே போனால் உண்மையிலேயே கூப்பிடுவார்கள், அவரும் போய்க் கரையில் உட்கார்ந்துவிட்டு வருவார், யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஓர் ஆசை.

கொழுந்தனார் சிரித்துவிட்டார். “இப்ப யாரு அண்ணி கூவுறா? எல்லாம் மிஸ்டு கால்தான். போன் அடிச்சா எந்திரிச்சு வந்துர்றானுவ. அண்ணனை அழைச்சிட்டு வாங்க, நான் பாத்துக்குறேன். ஆனா கூவுறதுக்கு ஆளு இல்ல.”

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். இங்கே குயிலாவது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

5

ரித்திகாவின் கேள்வி வந்தது இந்தச் சமயத்தில்தான். பிள்ளைகள் போனபின் அலமாரியிலிருந்து தடித்த அகராதியை இறக்கினேன். கல்லூரியில் பரிசாகக் கிடைத்தது, கப்பலில் வந்தது, கரையான் இல்லாத நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கூவுதல் என்பதற்குப் பறவை ஒலித்தல் என்றும், அழைத்தல் என்றும் போட்டிருந்தது. கூப்பிடு, கூப்பாடு, கூக்குரல் எல்லாம் அதே ‘கூ’விலிருந்து கிளைத்தவை. சரி, மற்றதையும் பார்ப்போம் என்று பக்கத்தைப் புரட்டினேன். கரைதல், காகம் எழுப்பும் ஒலி, அழைத்தல். அகவுதல், மயில் எழுப்பும் ஒலி, அழைத்தல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் முன்னோர் காதில் பறவைகள் பாடவே இல்லை போலிருக்கிறது. எல்லாம் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. சேவலின் குரலும் குயிலின் குரலும் எப்படி ஒன்றாகும் என்று அந்தப் பெண் கேட்டாள். குரல் ஒன்று என்று யார் சொன்னார்கள்? அவை செய்கிற காரியம் ஒன்று. இரண்டும் விடியலில் நின்று கூப்பிடுகின்றன.

மனிதன் இன்னொரு மனிதனைக் ‘கூ’ என்று கூப்பிட்டதைப் பறவைக்கு வைத்தானா, பறவையிடமிருந்து எடுத்துக்கொண்டானா என்பதை அகராதி சொல்லவில்லை. இரண்டும் ஒன்றாகக் கிடந்த காலம் ஒன்று இருந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் இப்போது அந்தக் காலத்தில் இருக்கிறார். பி.ஏ. தமிழ் படித்த நான் குயில் பாடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தச் சொல்லை அதன் பொருளோடு கேட்டுப் பதிலும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பைத்தியம் என்று கீழ்வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

புத்தகத்தை மூடும்போது இலக்கியா வந்தாள்.

“அம்மா, நான் கம்ப்ளெய்ன்ட் போடப் போறேன். அந்த மரத்துல காக்கா கூடு இருக்காம். குயில் அதுலதான் முட்டை வைக்கும். கூட்டை எடுத்து, மரத்தை டிரிம் பண்ணிட்டா அது போயிடும். சிம்பிள் லா.”

“அதுக்கு எதுக்குடி மரத்தை வெட்டணும்?”

“பின்ன அப்பாவை எவ்ளோ நாள் லாக் பண்ணி வைப்பீங்க? நீங்களும் உள்ளேயே இருக்கீங்க. கேமராவுல பாக்குறேன்ல. நீங்க டோர்கிட்ட போய் சும்மா நிக்கிறீங்க. எவ்ளோ நேரம் நிக்கிறீங்கன்னு தெரியுமா?”

கேமராவில் அதுவும் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. நகரமன்றத்தின் செயலியில் அவள் படம் எடுத்துப் போட்டாள். என்ன பறவை என்ற இடத்தில் காகம், மைனா, புறா எல்லாம் இருந்தன. குயிலை ‘மற்றவை’யில் போட வேண்டியிருந்தது. காரணம் எழுதச் சொன்ன இடத்தில் ‘இரைச்சல்’ என்று போட்டாள். என் கணவரைக் கூப்பிடுகிறது என்று எழுத அங்கே இடமில்லை.

6

ஆட்கள் வந்து மரத்தின் கிளைகளைக் கழித்தார்கள். பக்கத்தில் குயிலுக்குத் தீனியான சிவப்புப் பழம் காய்த்துத் தொங்கிய அலங்காரப் பனைகளின் குலைகளையும் அறுத்துப் போட்டார்கள். காக்கைக் கூட்டை ஏணி வைத்து எடுத்தபோது காக்கைகள் மதியம் வரை கரைந்தன. அகராதியில் போட்டிருந்தது உண்மைதான். அடுத்த நாள் குயில் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

நான் நன்றாகத் தூங்கினேன். சாவியைக் கொடியிலிருந்து கழற்றி ஆணியில் மாட்டினேன். கழுத்து லேசாகிவிட்டது. எதிர்வீட்டு அம்மாளிடம் அவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குக்கூடப் போய்வந்தேன். வஞ்சிர மீனும் இரண்டு முழம் மல்லிகையும் வாங்கினேன். இலக்கியாவுக்குப் போன் செய்து, “நல்ல காரியம் பண்ணுனம்மா,” என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

அவர் எழுந்திருக்க மறுத்தது அதற்கப்புறம்தான். முதலில் சோம்பல் என்று நினைத்தேன். பிறகு சாப்பாடு குறைந்தது. பல் விளக்க வைப்பதே ஒரு போராட்டமானது. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். கேட் அகலத் திறந்து கிடந்தது, அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பூட்டை ஆட்டிப் பார்த்த மனிதர், பூட்டில்லாத கதவைப் பார்க்கவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனோம். நோய் அடுத்த கட்டத்துக்குப் போவதாகச் சொன்னார். மருந்தின் அளவைக் கூட்டினார். இலக்கியா முதியோர் இல்லங்களைப் பார்க்கத் தொடங்கினாள். என்னிடம் மறைத்துத்தான் பார்த்தாள், அதனால் நானும் தெரியாத மாதிரி இருந்தேன்.

ஒருநாள் காலை காப்பியோடு உள்ளே போனபோது, கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார்.

“என்னை யாரும் கூப்பிடலயா?” என்று கேட்டார்.

நான் காப்பியை ஆற்றிக்கொண்டே கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

“விட்டுட்டுப் போயிட்டானுவ,” என்றார். அதில் கோபம்கூட இல்லை. தன்னைப் பற்றித் தானே ஒத்துக்கொண்டதுபோல் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் ஒரு பறவையைத்தான் விரட்டினோம் என்று நினைத்திருந்தோம்.

7

மறுநாள் விடியுமுன் அவரை அசைக்காமல் எழுந்து, கேட்டைத் திறந்தே வைத்துவிட்டு, லிப்டில் இறங்கினேன். மொட்டையாகிப் போன அந்த மரத்தடிக்குப் போனேன். எங்கள் வீட்டு ஜன்னல் அங்கிருந்து நேராகத் தெரியும். ஒரு சீனக் கிழவர் கையை வீசி வீசி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். அவர் தாண்டிப் போகட்டும் என்று காத்திருந்தேன்.

நான் வாழ்க்கையில் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டதில்லை. ஊரில் இருந்தபோது பெண் பிள்ளை சத்தம் போடக் கூடாது. இங்கே வந்தபின் புளோக்கில் யாருமே சத்தம் போடக் கூடாது. கரையூரிலும் கூவுவது ஆம்பிளைகள் வேலை, பெண்கள் கூவி நான் கேட்டதில்லை. ‘கூ’ என்றேன். எனக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தரம். கிழவர் திரும்பிப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஜன்னல் அப்படியே இருந்தது.

பதில் வரும்வரை நகரக் கூடாது. அது மட்டும் நினைவிருந்தது. வெட்கத்தை விட்டுவிட்டு, வயிற்றிலிருந்து குரலை எடுத்து, மூன்றாம் தரம், நான்காம் தரம், ஒவ்வொன்றையும் முன்னைவிட உயர்த்திக் கூவினேன். குரல் உயர உயர அதில் வேறு என்னென்னவோ சேர்ந்துகொண்டது. இத்தனை வருடம் வாயில் வராத அவர் பெயரும் அதற்குள் எங்கேயோ இருந்தது என்று நினைக்கிறேன்.

மேலே ஜன்னல் திறந்தது.

“தோ வரேன்,” என்றார்.

லிப்டுக்கு ஓடினேன். கதவு திறந்தபோது தோளில் துண்டோடு, வெறுங்காலோடு நின்றார். என்னைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினார். நான் யாரென்று தேடுகிறாரோ என்று பயந்துபோனேன்.

“மத்தவனெல்லாம் எங்க?”

“முன்னாடி போறாங்க. நாம நடப்போம்.”

புளோக்கைச் சுற்றி, கால்வாய் ஓரமாக, லாரிக்காகக் காத்து நிற்கும் பிள்ளைகளைத் தாண்டி நடந்தோம். கால்வாயில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். “காத்து சரியில்ல, இன்னிக்கு வேணாம்,” என்றார். “சரி, நாளைக்குப் பாக்கலாம்,” என்றேன். வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

8

இது தொடங்கிச் சில வாரங்கள் ஆகின்றன. பகலில் அவர் தானாக எழுந்து போய்விடுவாரோ என்ற பயம் திரும்பி வந்துவிட்டதால் சாவியும் கொடிக்குத் திரும்பிவிட்டது. ரித்திகா அதைப் பார்த்து, “எகெய்ன் லாக்கா டீச்சர்?” என்றாள். அவள் கேள்விக்கு அன்றைக்குப் பதில் சொன்னேன். சேவலும் குயிலும் பாடுவதில்லை, கூப்பிடுகின்றன, அதனால்தான் இரண்டுக்கும் ஒரே சொல் என்றேன். யாரைக் கூப்பிடுகின்றன என்று கேட்டாள். அது தேர்வில் வராது என்று சொல்லிவிட்டேன்.

நேற்று இலக்கியா போன் செய்தாள். குரலில் எரிச்சல்.

“அம்மா, உங்க புளோக் சாட் குரூப்ல யாரோ போட்டிருக்காங்க. ஊ-வூ பேர்ட் திரும்பி வந்துருச்சாம். எவ்ரி மார்னிங். முன்னைவிட மோசமாம், குரலே ஒரு மாதிரி இருக்காம். நான் இன்னொரு கம்ப்ளெய்ன்ட் போடவா?”

அவள் கேமரா கூடத்தில் மட்டும்தான் இருக்கிறது. கீழே மரத்தடி அதில் தெரியாது.

“வேணாம்மா. விடு.”

“ஏம்மா? அப்பா மறுபடி எந்திரிச்சுப் போயிட்டா?”

“அந்தச் சத்தம் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான்.”

அவள் போனை வைத்தபின், நான் என்ன சொன்னேன் என்பது எனக்குக் கேட்டது. அவர் அறையை எட்டிப் பார்த்தேன். துண்டை மடித்துத் தலைமாட்டில் தயாராக வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

நாளைக் காலையும் நான் கீழே போய்க் கூவ வேண்டும். அடுத்த நாளும் போக வேண்டும். ஒருநாள் எவ்வளவு கூவினாலும் அந்த ஜன்னல் திறக்காது. பதில் வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பதுதான் அவர்கள் ஊர்க் கட்டுப்பாடு. வராவிட்டால் எதுவரை நிற்க வேண்டும் என்று அந்த இரண்டு வருடத்தில் நான் யாரையும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.